குதிரைக்கு முதுகு நோவு

தெரேசா மிஸ்ஸி கூச்சம் பார்க்காத மனுஷி என்று ஊசிமலைத் தேயிலைத் தோட்டம் முழுக்கப் பேர். தோட்டத்து மருத்துவச்சிக்கு அதைவிட நல்ல பேர் வேறு என்ன வேண்டும். வலியெடுத்துக் கிடக்கிற பெண் புடவையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்டால், தொழிலாளர் குடியிருக்கிற லயத்து அறையின் சுவரைப் பார்க்கும். தெரேசா கையைக் கழுவிக்கொண்டே, "எங்கிட்ட என்னாடி வெக்கம், எடத்தச் சொல்லு" என்பாள். கண்டியில் பயிற்சி முடித்து வந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாக இதையே சொல்லி நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வெளியே எடுத்திருந்தாள். கேட்பதற்கு அது சின்ன வாக்கியம்தான். பதில் சொல்லுகிறவளுக்கு அது எவ்வளவு பெரியது என்று அவளுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம்தான் தெரிந்தது.

அந்த வருஷம் தோட்டத்தை நிர்வகிக்கிற பெரிய தொரை ஜீப் வாங்கினார். அவர் ஏறிச் சுற்றிய டெய்சி என்ற பெட்டைக் குதிரைக்கு வேலை இல்லாமல் போயிற்று. தோட்டத்தின் மேற்பிரிவை மேக்கணக்கு என்பார்கள். ஐந்து மைல் ஒற்றையடிப் பாதை, ஜீப் போகாது. மருத்துவச்சி நடந்து போய்ச் சேருவதற்குள் முந்தின மழைக்காலத்தில் அங்கே இரண்டு பிள்ளைகள் செத்திருந்தன. தொரை யோசித்தார், இனிமேல் மருத்துவச்சி குதிரையில் போகட்டும் என்றார். சேணமும் அவருடையதே. இளவட்டமாக இருந்தபோது நுவரெலியாவில் பந்தயம் ஓட்டிய காலத்துச் சேணம், ஒடுக்கமாக, கட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது.

குதிரைக்காரன் மூக்கன் இரண்டு வாரம் கடிவாளத்தைப் பிடித்து நடத்திப் பழக்கினான். வெள்ளைப் புடவைக்குள்ளே தம்பி சிறிலின் நீளக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, ஆண்பிள்ளை மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு அவள் ஏறிப் போன முதல் நாள், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்று சிரித்தார்கள். தெரேசாவும் மேலேயிருந்து சிரித்தாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அந்த உயரம் பிடித்திருந்தது. முப்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, அப்பன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி வளர்த்த பெண். வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையாவே அண்ணாந்து பார்த்து வணக்கம் சொல்ல வேண்டியிருந்ததென்றால் கசக்குமா. அந்த மழைக்காலத்தில் மேக்கணக்கில் ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை.

மூன்றாம் மாசம் அது ஆரம்பித்தது. இறங்கி நின்றால் தொடைகளுக்கு நடுவே உணர்ச்சியே இருக்காது, சம்மணம் போட்டு மரத்துப்போன கால் மாதிரி. கொஞ்ச நேரம் நின்றால் உணர்ச்சி திரும்பும். திரும்பும்போது ஊசி குத்தும், அப்புறம் எரியும். முதலில் குதிரை ஏறிய நாளில் மட்டும் எரிந்தது, பிறகு எல்லா நாளும் எரிந்தது. சிறுநீர் கழிக்கப் போனால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நின்றால், படுத்தால் தேவலை, உட்கார்ந்தால்தான் வலி. கோயிலில் பிரசங்கம் முழுக்க அவள் பின்சுவரோரம் நின்றே கேட்டாள். தெரேசாவுக்குப் பக்தி முற்றிவிட்டது, கன்னியாஸ்திரி மடத்துக்குப் போகப்போகிறாள் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாவின் மனைவி பெற்றீசியா நாலு பேரிடம் சொன்னாள்.

காரணம் தெரேசாவுக்குத் தெரியாமல் இல்லை. பயிற்சி வகுப்பில் மாட்டியிருந்த இடுப்பெலும்புப் படம் அவளுக்கு மனப்பாடம். ஆணுக்கு ஒடுக்கம், பெண்ணுக்கு அகலம். உட்காரும்போது பாரத்தைத் தாங்க வேண்டிய எலும்புகள் இரண்டும் தொரையின் ஒடுக்கமான சேணத்தில் பதியாமல் இரண்டு பக்கமும் வெளியே போய்விட, நடுவே இருக்கிற சதையும் நரம்பும் ஆள் பாரம் முழுவதையும் சுமந்தன. வேறு எவளாவது வந்து சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் விளக்கி அனுப்பியிருப்பாள். தன் உடம்பென்று வந்தபோது வாய் ஒட்டிக்கொண்டது.

யாரிடம் சொல்வது? டிஸ்பென்சர் ஞானரட்ணம் ஐயா நல்லவர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர். அவரிடம் சொன்னால் பெற்றீசியாவிடம் சொன்ன மாதிரி. கல்யாணம் ஆகாதவளுக்கு அந்த இடத்தில் வலி என்றால் ஊர் குதிரையையா நினைக்கும். அதைவிட மோசம், அவளே அப்படி நினைத்திருக்கிறாள். போன வருஷம் ஒரு குமரி அங்கே எரிகிறது என்று வந்தபோது, மருந்து கொடுக்குமுன் புருவத்தை உயர்த்தி அவளை ஏற இறங்கப் பார்த்தது தெரேசாதான். அந்தப் பார்வை இப்போது தன் மேலேயே விழுவதாக இருந்தது. தொரையிடம் போய் வேறு சேணம் கேட்கலாம் என்றால், ஏன் என்று கேட்பார். குதிரை வேண்டாம், நடக்கிறேன் என்றால் மேக்கணக்கில் பிள்ளைகள் சாகும். இப்படியாகத்தான் அவள் ஒரு புதன்கிழமை சேணத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு தலவாக்கலைக்கு பஸ் ஏறினாள். பஸ்ஸிலும் நின்றுகொண்டே போனாள்.

முனாப் நானா கடையில் கயிறும் தோலும் சாக்கும் விற்பார்கள். பின்பக்கம் நானாவே உட்கார்ந்து மெத்தை தைப்பார், சேணமும் தைப்பார். சேணத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான் மிஸ்ஸி. என்னத்துக்குக் கொண்டாந்தீங்க?" என்றார்.

"நோகுது" என்று வாயில் வந்துவிட்டது. நானா நிமிர்ந்து பார்த்தார். தெரேசா அவசரமாக, "குதிரைக்கு. குதிரைக்கு முதுகு நோகுது" என்றாள்.

"எந்த எடத்துல?"

பன்னிரண்டு வருஷமாகத் தான் கேட்ட கேள்வி திரும்பி வந்ததில் அவளுக்குக் காது சுட்டது. யோசிக்காமல் விரலை வைத்தாள். வைத்தது சேணத்தின் மேல்பக்கம், நடுவில், முன்பாகம் ஒடுங்குகிற இடத்தில்.

நானா கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தார். "குதிர கீழதானே இருக்குது மிஸ்ஸி" என்றார் மெதுவாக.

அந்த நிமிஷம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடையில் வேறு ஆள் இல்லை. நானா ஆறு பெண் பெற்றவர், தலையைக் குனிந்துகொண்டு காரியத்தைச் செய்து கொடுத்திருப்பார். தெரேசாவோ சேணத்தைப் புரட்டி, அடிப்பக்கம் எங்கேயோ பின்னால் தொட்டு, "இங்க, இங்கதான்" என்றாள். நானா சரியென்று அடிமெத்தையின் பின்பாகத்தைப் பிரித்துக் கம்பளி மயிரைத் திணித்துத் தைத்துக் கொடுத்தார். கேட்டதைச் செய்தார், அவர் மேல் என்ன பிழை.

மறுநாள் காலை மூக்கன் சேணத்தைக் குதிரை மேல் வைத்தான், அடியில் கையை விட்டுப் பார்த்தான், திரும்ப எடுத்துவிட்டான். "பின்னால ஏறிப்போச்சுங்களே மிஸ்ஸியம்மா. முன்னால எறங்கித் தோள்மேட்டுல அமுக்கும்ங்க. யாரு தச்சது?"

"நாந்தான் தைக்கச் சொன்னேன். குதிரைக்கு முதுகு நோகுது."

மூக்கன் டெய்சியின் முதுகை மேலிருந்து கீழே தடவினான். டெய்சி காதைக்கூட ஆட்டவில்லை. அவன் மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்தான், அப்புறம் தரையைப் பார்த்தான். "நோகுதுங்களா. மிஸ்ஸி சொன்னாச் சரிங்க" என்று சேணத்தை மாட்டினான்.

பின்பக்கம் உயர்ந்த சேணத்தில் அவள் முன்னால் சறுக்கிச் சறுக்கி, எந்த இடம் ஒடுக்கமோ அந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தாள். வலி இரட்டிப்பாயிற்று. வேறு வழியில்லாமல் அங்கவடியில் காலை ஊன்றி எழுந்து நின்றபடியே மலை ஏறினாள். அவள் பாரம் முழுவதும் டெய்சியின் தோள்மேட்டில் இறங்கியது. மூக்கன் இரண்டு தடவை சொன்னான், "பழையபடி ஆக்கிருவோம்ங்க" என்று. இரண்டு தடவையும் அவள், "எனக்குத் தெரியும், நீ ஒன் வேலையப் பாரு" என்றாள். அப்படி யாரிடமும் பேசுகிறவள் இல்லை அவள். பத்தாம் நாள் சேணத்தை இறக்கியபோது தோள்மேட்டில் தோல் உரிந்து, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகத் தெரிந்தது.

டெய்சிக்கு மஞ்சள் அரைத்துப் போட்டு நிறுத்தி வைத்தான் மூக்கன். அந்த வாரமே மேக்கணக்கிலிருந்து ஆள் வந்தது. தெரேசா நடந்து போனாள், போவதற்குள் பிள்ளை பிறந்து தாய்க்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. எப்படியோ நிறுத்தினாள், பிழைத்தது கர்த்தர் செயல். மறுநாள் தொரை அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டு, குதிரை இருக்க ஏன் நடந்து போனாய் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"குதிரைக்கு முதுகில் புண், சார்" என்றாள். சொல்லும்போது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, சொன்னது உண்மையாகிவிட்டதே என்று. பிற்பாடு அந்த நிம்மதியை நினைக்கும் போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும்.

தொரைக்கு மனுஷரைவிடக் குதிரை மேல் பாசம். எழுந்து நேரே லாயத்துக்குப் போனார். புண்ணைப் பார்த்தார், சேணத்தைப் புரட்டிப் பார்த்தார், மூக்கனைக் கூப்பிட்டுக் கேட்டார். சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது, மூக்கனுக்குச் சனிக்கிழமை காலைப் பெரட்டில் வேலைநீக்கப் பத்துச்சீட்டு என்று. பத்துச்சீட்டு கையில் விழுந்தால் வேலையும் போயிற்று, லயத்து அறையும் போயிற்று. குதிரையைப் புண்ணாக்கியவன் என்று எழுதிய சீட்டோடு வருகிறவனை எந்தத் தோட்டம் சேர்க்கும். அந்த வருஷங்களில் பிரஜாவுரிமை பறிபோன தோட்டத்து ஆட்களுக்குத் தோட்டத்துக்கு வெளியே நிற்கவும் இடமில்லை.

மூக்கன் தொரையிடம் நடந்ததைச் சொல்லியிருப்பான், நம்மைக் கூப்பிடுவார்கள் என்று தெரேசா காத்திருந்தாள். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று, வியாழன் போயிற்று. கூப்பிடவில்லை. கூப்பிடாத ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, அந்த ஆறுதல் அருவருப்பாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் மூக்கன் லயத்துக்குப் போனாள்.

மூக்கன் வேலை தேடி வட்டகொடைப் பக்கம் போயிருந்தான். அவன் பெஞ்சாதி பேச்சியம்மா, எட்டு மாசத்துக்காரி, பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். மிஸ்ஸியைக் கண்டு எழுந்திருக்கவில்லை.

"மூக்கன் தொரைகிட்ட என்னா சொன்னான்?" என்று கேட்டாள் தெரேசா.

"நாந்தாங்க தைக்கக் குடுத்தேன்னு சொல்லிட்டாரு."

"ஏன் அப்புடிச் சொன்னான்? குடுத்தது நானாச்சே."

பேச்சியம்மா சாக்குக் கயிற்றைப் பல்லால் இழுத்து முடிந்தாள். "நானும் அதத்தாங்க கேட்டேன். மிஸ்ஸி குடுத்தாங்கன்னு சொன்னா, ஏன் குடுத்தாங்கன்னு தொரை அவுங்களக் கேப்பாரு, ஒரு பொம்பள அவரு முன்னால என்னான்னு சொல்லும், அப்புடின்னாரு. அவருக்குத் தெரியும்ங்க. அங்கவடியில நின்னுக்கிட்டே போறீங்க, எறங்குனா லாயத்துச் செவத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. குதிரைக்காரன் கண்ணுக்கு இது தெரியாதா? எங்கிட்டகூட நேத்துத்தான் வாயத் தொறந்தாரு."

தெரேசாவுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தன் அந்தரங்கம் ஒன்று இத்தனை நாளும் ஒரு குதிரைக்காரன் கையில் பத்திரமாக இருந்திருக்கிறது, அதற்காக அவன் வீட்டைக் காலி பண்ணுகிறான்.

"எம் புள்ள எங்க பொறக்கும்னு தெரியல மிஸ்ஸி" என்றாள் பேச்சியம்மா. குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. "நீங்க கூசுனதுக்கு நாங்க சட்டி பானையக் கட்டுறோம். தலைப்புள்ளைக்கு நான் செவத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தப்ப என்னா சொன்னீங்க? இப்ப நான் கேக்குறேன். எங்கிட்ட என்னாங்க வெக்கம். எடத்தச் சொல்லுங்க."

தெரேசா சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். மரத்துப்போவதை, எரிவதை, சிறுநீர் போகும்போது படுகிற பாட்டை, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இதைச் சொல்லத்தானா இத்தனை பேரை இந்தப் பாடு படுத்தினோம் என்று அவளுக்கு அழுகை வந்தது.

"எங்கிட்டச் சொல்லி என்னாங்க பிரயோசனம்" என்று பேச்சியம்மா அடுத்த சாக்கை எடுத்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குத் தெரேசா வந்தாள். மருத்துவச்சிக்கு அங்கே வேலையே இல்லை. தோளில் சேணத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வருவதை இருநூறு பேர் பார்த்தார்கள். தொரை ஜீப்பைவிட்டு இறங்கினார். பக்கத்தில் ஆபீஸ் பெரிய கிளாக்கர் கையில் சீட்டோடு நின்றார். கொஞ்சம் தள்ளி மூக்கன் தலைத்துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

தெரேசா தொரையிடம் இங்கிலீஷில், மூக்கன் மேல் தப்பில்லை, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றாள். தொரை அவள் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்தவர் போல, ஆபீசுக்கு வா, தனியாகப் பேசலாம் என்றார். நல்ல வழிதான். நாலு சுவருக்குள், இங்கிலீஷில், பாதி சொல்லிப் பாதியை முழுங்கி முடித்துவிடலாம். தொரையும் சீட்டைக் கிழித்துப்போட்டாலும் போடுவார். ஆனால் குதிரையைப் புண்ணாக்கியவன் என்ற பேர் மூக்கனுக்கு அப்படியே நிற்கும். அந்தப் பேர் தோட்டம் முழுக்கத் தமிழில் அல்லவா அவன் மேல் விழுந்தது.

அவள் சேணத்தைத் தரையில் போட்டாள். "குதிரைக்கு நோவு இல்லீங்க" என்றாள் தமிழில், வரிசைகளைப் பார்த்து. "எனக்குத்தான் நோவு. இது ஆம்பளைக்குன்னு செஞ்ச சேணம். இதுல உக்காந்து உக்காந்து எனக்குப் பொம்பள எடத்துல மூணு மாசமா மரத்துப்போயி எரியுது. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, குதிரைக்கு நோகுதுன்னு பொய் சொல்லி நாந்தான் தைக்கக் குடுத்தேன். அதுலதான் குதிரைக்குப் புண்ணு வந்துச்சு. மூக்கன் வேணாம்னு சொன்னான், நாந்தான் கேக்கல."

ஆண்கள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான். பெண்கள் வரிசை மொத்தமும் திரும்பி அவனைப் பார்த்தது, சிரிப்பு நின்றுபோயிற்று. தொரைக்குக் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்துவிட்டது. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் கிளாக்கர் கையிலிருந்த சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பேர் கூப்பிட மறந்து கிளாக்கர் கொஞ்ச நேரம் நின்றார்.

களம் கலைந்த பிறகு மூக்கன் வந்து சேணத்தை எடுத்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. "சொல்லியிருக்க வேணாங்க" என்றான்.

"நாலு நாளைக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும் மூக்கா" என்றாள் தெரேசா.  அதற்கப்புறம் ரொம்ப நாள் வரைக்கும் அவன் அவளிடம் பேசுவதென்றால் குதிரையைப் பார்த்துத்தான் பேசினான்.

தொரை எதையும் கேட்கவில்லை. கிளாக்கர் மூலமாக, மிஸ்ஸி தனக்குத் தோதான சேணம் தைத்துக்கொள்ளலாம் என்று ஒரு துண்டுச் சீட்டு மட்டும் வந்தது. முனாப் நானா இந்தத் தடவை இடம் கேட்கவில்லை. அகலமாக, நடுவில் பள்ளம் விட்டுத் தைத்துக் கொடுத்தார். வலி சட்டென்று போகவில்லை, ஆறு மாசம் இழுத்தடித்துக் குறைந்தது. களத்தில் சொன்ன வெட்கம் அதற்கும் முன்னாலேயே தேய்ந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்த அந்தச் செவ்வாய், புதன், வியாழன் மட்டும் ஆறவேயில்லை. பெற்றீசியா அவளைப் பற்றி என்ன பேசினாலும், இந்தத் தண்டனை எனக்குப் போதாது என்றே தெரேசாவுக்குத் தோன்றும்.

பேச்சியம்மாவுக்கு மூன்று வாரம் கழித்து வலியெடுத்தது, அதே லயத்தில், அதே அறையில். தெரேசா போனபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துப் புடவையை முழங்காலுக்குக் கீழே இழுத்துப் பிடித்திருந்தாள். தெரேசா கையைக் கழுவினாள். பழக்கதோஷத்தில் வாய் திறந்தது. அந்த வாக்கியம் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் அதை எவ்வளவு சுளுவாகச் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்து முகம் சுட்டது. உட்கார முடியாததால் பாய் ஓரமாக முழங்காலிட்டு, ஒன்றும் கேட்காமல் காத்திருந்தாள்.

வலி ஒன்று வந்து போயிற்று. இன்னொன்று வந்து போயிற்று. பேச்சியம்மா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள், மிஸ்ஸியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தானே அவள் கையைப் பிடித்து இழுத்து, புடவைக்குள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

"இங்கங்க" என்றாள்.